பாலையாவை வெட்டாமல் காட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய நடிகர்களைப் பற்றி நம் பத்திரிகைகளில் எழுதும்போது டி.எஸ்.பாலையாவுக்கென்று ஒரு வரி அச்சுக் கோத்துத் தயாராக இருக்கிறது: 'வில்லனாகத் தொடங்கி நகைச்சுவைக்கு மாறியவர்'. தங்கள் ஞாயிறு இணைப்பிலும் அதே வரி வந்திருந்தது. பக்கத்தில், நெற்றியும் கைகளும் வெட்டுப்பட்ட ஒரு படம். அந்த வரிக்கும் அந்தப் படத்துக்கும் சம்பந்தம் உண்டு என்பதுதான் எங்கள் கட்சி. பாலையா எதற்கும் மாறவில்லை. வில்லத்தனத்துக்கும் சிரிப்புக்கும் அவர் வைத்திருந்த கருவிகள் ஒன்றேதான். அது நம் கண்ணில் படாமல் போவதற்கு, இன்று அவரை நாம் பார்க்கிற விதம் பெரிய காரணம். பெங்களூரில் அல்சூர், ஸ்ரீராமபுரம் பக்கத்து மன்றங்களிலும் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் பொங்கல் விழாக்களிலும் பழைய படம் போடும் வழக்கம் இருப்பதால், அதை எப்படிப் போட்டால் பாலையா முழுசாகக் கிடைப்பார் என்பதையும் சேர்த்தே எழுதுகிறோம்.

முதலில் கணக்கு. 1936-இல் எல்லிஸ் ஆர்.டங்கன் இயக்கிய 'சதி லீலாவதி'யில் எம்.கே.ராதா கதாநாயகன். அவரைக் குடிக்குப் பழக்கிக் கெடுக்கும் நண்பன் ராமநாதனாக வருகிறவர் பாலையா. எம்.ஜி.ஆருக்கு அதுதான் முதல் படம். அவருக்குச் சின்னதாக ஒரு போலீஸ் வேடம், பாலையாவுக்கோ கதையை நகர்த்துகிற வேடம். அடுத்த ஆண்டே 'அம்பிகாபதி'யில் எம்.கே.தியாகராஜ பாகவதருக்கு எதிரே ருத்ரசேனன். அங்கிருந்து 1972 ஜூலை 22-இல் அவர் மறையும் வரை 36 வருஷம். பாகவதர் பாட்டுக் காலம், அண்ணாவின் வசனக் காலம், பீம்சிங்கின் குடும்பப் படங்கள், ஸ்ரீதரின் வண்ணப் படம், பாலசந்தரின் நாடகப் பாணி என்று எல்லாவற்றிலும் இருந்திருக்கிறார். இத்தனை பாணியிலும் பழசாகாமல் நின்றவர்களை விரல் விட்டு எண்ணலாம்.

இந்த 36 வருஷத்தில் 'மாறினார்' என்று கோடு போட ஓர் ஆண்டு இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள், கிடைக்காது. 1949-இல் வந்த 'வேலைக்காரி'யில் அவர் வில்லனும் இல்லை, கோமாளியும் இல்லை. பழிவாங்கத் துடிக்கும் கே.ஆர்.ராமசாமியை நிறுத்தி யோசிக்க வைக்கிற நண்பன் மணி. இரண்டே வருஷம் கழித்து 'ஓர் இரவு'. அதில் ரகசியத்தைப் பிடித்துக்கொண்டு மிரட்டுகிற ஜகவீரன். 1954-இல் 'தூக்குத் தூக்கி'. அடுத்தவன் மனைவியைக் கைக்குள் போட்டுக்கொள்ளும் வடநாட்டுச் சேட்டு. காரியம் படுபாவித்தனம், ஆனால் அந்த உடைந்த தமிழைக் கேட்டு அரங்கமே சிரிக்கும். 1956-இன் 'மதுரை வீர'னில் நரசப்பன். பொம்மியைக் கட்டிக்கொள்ள ஆசைப்படும் கோழை. அவனைப் பார்த்துப் பயப்படுவதா சிரிப்பதா என்று யாரும் யோசிப்பதில்லை, இரண்டும் ஒரே மூச்சில் நடக்கும். 1959-இல் 'பாகப்பிரிவினை'யின் அண்ணன் வைத்தியலிங்கமாக வந்தபோது இந்த இரண்டு பெட்டிக்குள்ளும் அவர் அடங்கவில்லை. வீடு இரண்டாகப் போவதைத் தடுக்க முடியாத பலவீனமான பெரிய மனிதர் அவர். 1964-க்கு முன்பே இவ்வளவும் நடந்தாகிவிட்டது. ஆக, 'காதலிக்க நேரமில்லை'தான் அவரை நகைச்சுவை நடிகராக்கியது என்ற பேச்சு நிற்காது.

அப்படியானால் அந்த ஒரே கருவிதான் என்ன? எதிரே இருப்பவர் பேசும்போது கேட்கிற விதம். கதாநாயகர்களுக்கு வசனம் சொந்தம். பாலையாவுக்கு வசனங்களுக்கு நடுவில் இருக்கிற இடம் சொந்தம். ஒருவன் சொல்வது காதில் விழுகிறது, புத்தியில் ஏறுகிறது, லாபமா நஷ்டமா என்று உள்ளே கணக்கு நடக்கிறது, கடைசியில் முகம் அதற்குத் தகுந்தாற்போல் ஒரு வேஷம் போடுகிறது. இந்த நான்கையும் அவர் தனித்தனியே காட்டுவார். ஜகவீரனிடத்தில் மூன்றாவது படி நீளம், அதனால் பயம். 'காதலிக்க நேரமில்லை'யின் விஸ்வநாதனிடத்தில் மூன்றாவது சட்டென்று முடிந்து நான்காவது அளவுக்கு மீறிப் போகும், அதனால் சிரிப்பு. இரண்டுக்கும் தூரம் அவ்வளவுதான்.

எல்லோருக்கும் தெரிந்த காட்சியையே எடுத்துக்கொள்வோம். 'காதலிக்க நேரமில்லை'யில் படம் எடுக்கப்போகிறேன் என்று திரியும் மகன் செல்லப்பா, அப்பா விஸ்வநாதனை உட்கார வைத்துத் திகில் கதை சொல்கிறான். காற்று, காலடி, கதவு கிறீச்சிடுவது எல்லாச் சத்தமும் நாகேஷின் வாயிலிருந்து. கதையைச் சொல்பவர் நாகேஷ், ஆனால் கதை நடக்கிற இடம் பாலையாவின் முகம். ஆரம்பத்தில் 'இவன் என்னத்தைச் சொல்லிவிடப் போகிறான்' என்ற அலட்சியம். அப்புறம் தன்னை அறியாமல் கண் மகன் போகும் பக்கமெல்லாம் திரும்புகிறது. பயம் வந்த பிறகும் பெரிய மனிதனின் கௌரவத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கப் பார்க்கிறார். கௌரவம் கழன்று விழுகிற அந்தக் கணம்தான் காட்சியின் உச்சம், அந்த நேரத்தில் அவருக்குச் சொல்லிக்கொள்ளும்படி வசனமே கிடையாது. நாகேஷ் துள்ளத் துள்ள, பாலையா நாற்காலியைவிட்டு நகராமல் இருக்கிறார். ஒருவர் அசையாமல் இருப்பதால்தான் மற்றவரின் அசைவு எடுபடுகிறது. நாடகக் கம்பெனி வழியாக வந்தவர்களுக்கு இது பாலபாடம். எதிராளியின் நேரத்தில் கை காலை ஆட்டிக் கவனத்தைத் திருடக் கூடாது.

இந்தக் காட்சியைக் கைப்பேசியில் துண்டாகப் பார்ப்பவர்களுக்கு என்ன கிடைக்கிறது? அக்காலத் தமிழ்ப் படத்தின் சட்டம் (ஃபிரேம்) ஏறக்குறைய சதுரம். உயரம் 1 என்றால் அகலம் 1.37. செங்குத்தாகப் பிடித்த கைப்பேசிக்காக 9க்கு 16 என்று வெட்டினால் மிஞ்சுவது அகலத்தில் 41 சதவீதம். வெட்டுகிறவர் யாரை வைத்துக்கொள்வார்? பேசிக்கொண்டிருக்கிற, ஓடியாடுகிற நாகேஷை. பாலையா வெளியே போய்விடுவார். காட்சியில் பாதி ஆளை எடுத்துவிட்டு 'நாகேஷ் காமெடி' என்று தலைப்பும் போட்டுவிடுகிறார்கள். நாகேஷுக்கு அதில் நஷ்டம் குறைவு என்று நினைக்க வேண்டாம். கேட்கிறவன் முகம் இல்லாமல் கதை சொல்கிறவன் வெறுமனே கத்துகிறான்.

தொலைக்காட்சியில் வேறு விதமான சேதம். திரை 16க்கு 9, அதாவது 1.78. பக்கவாட்டில் கறுப்புப் பட்டை தெரிந்தால் நேயர்கள் கோபித்துக்கொள்வார்கள் என்று படத்தைப் பெரிதாக்கி மேலும் கீழும் நறுக்கிவிடுகிறார்கள். உயரத்தில் 23 சதவீதம் போய்விடும், கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கு. போவது எது? மேலே நெற்றியும் புருவமும், கீழே கைகள். பாலையாவிடம் பாதிச் சங்கதி அங்கேதான். அதே 'காதலிக்க நேரமில்லை'யில் 'அசோகர் உங்க மகருங்களா?' என்று அவர் குழைகிற இடம் எல்லோருக்கும் மனப்பாடம். வசனத்தைத்தான் எல்லோரும் திருப்பிச் சொல்கிறார்கள். அங்கே முதலில் குழைவது உடம்பு, நாக்கு அதற்குப் பின்னால்தான் வருகிறது. தோளிலிருந்து விரல் நுனி வரை பணத்துக்கு வணக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறது. கழுத்துக்குக் கீழே வெட்டிய பிரதியில் அது வெறும் வேடிக்கைப் பேச்சு.

நறுக்காமல் இழுத்துவிடுவது இன்னொரு ரகம். அப்போது முகங்கள் 30 சதவீதம் அகலமாகும். பாலையாவின் முகம் இயல்பிலேயே அகலம் என்பதால் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி 'தில்லானா மோகனாம்பா'ளில் இருக்கிறது. அதில் அவர் தவில் வித்வான் முத்துராக்கு. தவிலின் தோல் முகம் காமிராவைப் பார்த்திருக்கும் இடத்தில் நிறுத்திப் பாருங்கள். வட்டமாக இருந்தால் சரி, படுத்த முட்டையாக இருந்தால் படம் இழுக்கப்பட்டிருக்கிறது. நறுக்கலைக் கண்டுபிடிக்க, பெயர்கள் ஓடும் பகுதியையும் தணிக்கைச் சான்றிதழையும் பார்த்தால் போதும். மேல் வரியின் தலையோ கீழ் வரியின் காலோ இல்லையென்றால் பிரதியே நறுக்கியது. இழுத்ததைத் திருத்திவிடலாம். தொலைக்காட்சி அமைப்பில் 4:3 என்று வையுங்கள், 1.33-க்கும் 1.37-க்கும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. கணினியில் படம் ஓட்டும் மென்பொருள் விஎல்சி என்றால் 'ஏ' விசையை மாற்றி மாற்றி அழுத்தினால் அளவுகள் வரிசையாக வரும். நறுக்கியதை ஒன்றும் செய்ய முடியாது, வேறு பிரதி தேட வேண்டியதுதான்.

தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம் 'ராஜராஜ சோழன்' வந்தது 1973-இல். பாலையா மறைந்ததற்கு அடுத்த ஆண்டு. அவர் காலத்துத் தமிழ்ப் படத்தின் சட்டம் அந்தச் சதுரம்தான், அதற்குத் தகுந்தாற்போலவே அவர் நின்றார், உட்கார்ந்தார். அகலத் திரையில் அவருடைய படம் எங்காவது 'நிறைந்து' தெரிந்தால், எதையோ பறிகொடுத்துத்தான் நிறைந்திருக்கிறது.

இனி வேகம். சினிமா விநாடிக்கு 24 சட்டம். நம் நாட்டுப் பழைய தொலைக்காட்சி முறைக்கு 25. ஆகவே அந்தக் காலத்தில் குறுந்தட்டுக்கு மாற்றிய பல பிரதிகள் 4 சதவீதம் வேகமாக ஓடும். 160 நிமிடப் படம் ஆறரை நிமிடம் குறையும். நேரம் குறைகிறதே, காட்சியை வெட்டிவிட்டார்களோ என்று பதற வேண்டாம், முதலில் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஆனால் சுருதி அரைக்கட்டைக்குச் சற்றுக் குறைவாக ஏறிவிடும். பாலையாவின் கனத்த குரல் லேசாகி, வாக்கியத்தின் கடைசிச் சொல்லை அவர் விழுங்கிவிட்டு ஒரு முணுமுணுப்போடு நிறுத்துகிற பழக்கம் அவசரமாகத் தெரியும். 'திருவிளையாட'லில் (1965) ஹேமநாத பாகவதராக அவர் வாயசைக்கும் 'ஒரு நாள் போதுமா' பாட்டை வைத்து இதைச் சோதிக்கலாம். பாடியவர் எம்.பாலமுரளிகிருஷ்ணா. நல்ல சுருதிப்பெட்டி கையில் இருக்கிறவருக்கு இசைத்தட்டோடு ஒப்பிட்டால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

அந்தப் பாட்டைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். கண்ணதாசன் வரிகளுக்குள்ளேயே ராகப் பெயர்களை ஒளித்து வைத்த ராகமாலிகை அது. தோடி, தர்பார், மோகனம், கானடா என்று ராகம் மாறுகிற இடமெல்லாம் பாலையாவின் முகத்தில் கர்வம் ஒரு படி ஏறும். பாடுகிறவருக்குப் பாட்டு பெரிதில்லை, கேட்கிறவன் வியக்கிறானா என்பதுதான் பெரிது என்று கண்ணிலேயே காட்டிவிடுவார். இதே ஆள் கொஞ்ச நேரத்தில் விறகு வெட்டியின் பாட்டைக் கேட்டு ஊரைவிட்டே ஓடப்போகிறார் என்பதால், இங்கே கர்வம் குறைந்தால் அங்கே சிரிப்பு குறையும். பாட்டுக்கு வாயசைப்பது மூன்றாம் பட்சம், தொண்டை நரம்பும் மூச்சு வாங்குகிற தோளும்தான் பாடகனை நம்ப வைக்கின்றன. இதையெல்லாம் புளூடூத் ஒலிபெருக்கி கெடுத்துவிடும். ஒலி வந்து சேர விநாடியில் பத்தில் ஒரு பங்கு முதல் ஐந்தில் ஒரு பங்கு வரை தாமதமாகும். பேச்சில் பொறுத்துக்கொள்ளலாம், ஸ்வரத்தில் பொறுக்க முடியாது. கம்பி போட்டு இணையுங்கள். முடியாவிட்டால் விஎல்சியில் 'ஜே', 'கே' விசைகள் ஒலியை ஒரு அழுத்துக்கு 50 மில்லி விநாடி முன்னும் பின்னும் நகர்த்தும். ஒலி பின்தங்கினால் 'ஜே'.

ஒலியில் இன்னொரு தொல்லை, 'சுத்தம்' செய்த பிரதிகள். பழைய ஒலித்தடத்தில் இரைச்சல் இருக்கத்தான் செய்யும். அதை முழுக்க வழித்தெடுத்தால் கூடவே மூச்சும் முனகலும் போய்விடும். பாலையா வசனத்துக்கு முன் இழுக்கிற மூச்சு, சொன்னதைக் கேட்டுத் தொண்டைக்குள் விடுகிற 'ம்', எல்லாம் இரைச்சல் கணக்கில் போய்விடுகின்றன. இரண்டு பிரதி கிடைத்தால் கொஞ்சம் இரைச்சலோடு இருப்பதை எடுங்கள். ஒற்றைத் தட ஒலிக்குத் தொலைக்காட்சியின் 'சரவுண்ட்' வேண்டவே வேண்டாம், அணைத்துவிடுங்கள். மன்றத்தில் கூரை ஒலிபெருக்கிகளை நிறுத்தி, திரைக்குப் பக்கத்தில் இருப்பதை மட்டும் வையுங்கள். அசைவை வழுவழுப்பாக்கும் வசதி ஒன்று புதுத் தொலைக்காட்சிகளில் தானாகவே இயங்கிக்கொண்டிருக்கும். இல்லாத சட்டங்களை நடுவில் செருகி, அவர் கண் சட்டென்று திரும்புவதை வழுக்கிக்கொண்டு போவதாக ஆக்கிவிடும். அதையும் அணைக்க வேண்டும்.

திரை அளவு: கடைசி வரிசை, படத்தின் உயரத்தைப் போல் ஆறு மடங்கு தூரத்துக்குள் இருக்க வேண்டும். பத்து மீட்டர் ஆழமுள்ள கூடத்துக்குப் படம் 1.7 மீட்டர் உயரம், 2.3 மீட்டர் அகலம். அதற்குச் சின்னதாகப் போனால் கதை கேட்கும் காட்சியில் பாலையாவின் கண் கடைசி வரிசைக்கு எட்டாது. நிறத்தைப் பொறுத்தவரை, 'காதலிக்க நேரமில்லை' ஈஸ்ட்மென் கலர். அந்த வகைப் பிரதிகளில் நீலப்பச்சைச் சாயம் முதலில் மங்கும், படம் இளஞ்சிவப்பாகப் போகும். வண்ணத்தைக் கூட்டி வைத்தால் முகங்கள் இன்னும் சிவக்குமே தவிரச் சரியாகாது, குறைத்து வைத்தால்தான் தேவலை.

பெங்களூருக்கென்று ஒரு விஷயம். இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்குத் தமிழ் காதில் ஏறும், சில பேச்சு பிடிபடாது. கன்னட நண்பர்களும் வருவார்கள். (அவர்களில் சிலருக்கு 'காதலிக்க நேரமில்லை' கதை 1979-இல் வந்த கன்னடப் படம் 'ப்ரீத்தி மாடு தமாஷே நோடு' வழியாகத் தெரிந்திருக்கும்.) அதனால் அடிவரி (சப்டைட்டில்) போடுகிறார்கள், நல்லதுதான். ஆனால் வசனம் தொடங்கும்போதே முழு வரியும் வந்துவிட்டால், பாலையா முடிப்பதற்குள் கூடம் சிரித்துவிடுகிறது. அவர் வேண்டுமென்றே விட்ட இடைவெளி வீணாகி, அடுத்த முகபாவம் சிரிப்புச் சத்தத்தில் அமுங்குகிறது. வேடிக்கை வரிகளை இரண்டாக உடைத்து, பின்பாதியை அவர் வாய் திறக்கும்போதுதான் காட்ட வேண்டும். அடிவரிக் கோப்பைத் திருத்த ஆள் இல்லையென்றால் விஎல்சியில் 'எச்' விசையை அழுத்திக் கால் விநாடி பின்தள்ளினாலும் பெரிய வித்தியாசம் தெரியும்.

உரிமை பற்றியும் கேள்வி வருகிறது. நம் சட்டப்படி படத்தின் காப்புரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். 1964-இன் 'காதலிக்க நேரமில்லை'க்கு 2024 டிசம்பரோடு முடிந்துவிட்டது, 1968-இன் 'தில்லானா மோகனாம்பா'ளுக்கு 2028 வரை உண்டு. ஆனால் பாட்டு வரிக்கும் இசைக்கும் கணக்கு வேறு, எழுதியவர் காலத்துக்குப் பின்னும் 60 ஆண்டுகள். பொது இடத்தில் போடுமுன் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

எந்த வரிசையில் போடுவது? வழக்கமாக எல்லோரும் 1964-இல் தொடங்கி அங்கேயே நின்றுவிடுகிறார்கள். 'ஓர் இரவு', 'தூக்குத் தூக்கி', 'காதலிக்க நேரமில்லை' என்று மூன்று வாரம் அடுத்தடுத்துப் போட்டால், மிரட்டுகிறவனும் சேட்டும் எஸ்டேட் முதலாளியும் காசை ஒரே கண்ணால்தான் பார்க்கிறார்கள் என்பது யாரும் விளக்காமலே தெரியும். நான்காவது வாரத்துக்கு 'பாமா விஜய'மோ 'ஊட்டி வரை உற'வோ (இரண்டும் 1967) போடலாம். முன்னதில் மூன்று மருமகள்களின் அட்டகாசத்தைத் தாங்குகிற மாமனார், பின்னதில் மகனுக்குத் தெரியாமல் ஒரு ரகசியத்தைச் சுமக்கிற அப்பா வேதாசலம். எங்கள் ஓட்டு பின்னதற்கு. ஒளித்து வைக்க ஏதாவது இருந்தால்தான் பாலையா களைகட்டுவார்.

கடைசியாக 'தில்லானா மோகனாம்பாள்'. அதில் அவருக்கு ஒளிக்கவும் ஒன்றுமில்லை, ஆசைப்படவும் ஒன்றுமில்லை. நாதஸ்வர வித்வான் சண்முகசுந்தரத்துக்கு (சிவாஜி) பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்க வேண்டும், அவ்வளவுதான். நாதஸ்வரத்தின் ஒலி எம்.பி.என்.சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களுடையது. திரையில் வாசிப்பதாக நடிக்கிறவர்கள் இசையைக் கேட்டு உடம்பால் பதில் சொல்ல வேண்டும். தவிலுக்கு வலக்கை விரல்களில் கூடு, இடக்கையில் கழி. கழி விழுகிற இடம் தப்பினால் தெரிந்தவர்கள் உடனே பிடித்துவிடுவார்கள் என்பதால் இந்த வேடத்தில் நிறையப் பேர் கையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். பாலையா கையைப் பார்க்க மாட்டார். நாதஸ்வரக்காரர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார், உண்மையான தவில்காரர் பார்ப்பது போலவே. 'நலந்தானா' பாட்டில் சிவாஜியையும் பத்மினியையும் ஒருமுறை பார்த்தாயிற்று என்றால், அடுத்த முறை முத்துராக்குவை மட்டும் பாருங்கள். அதற்கும் வெட்டாத பிரதிதான் வேண்டும். வெட்டிய பிரதிகளில் தவில் மடியோடு போய்விடுகிறது.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை அவர் படத்தை அச்சிடும்போது நெற்றியும் கையும் இருக்கிற படமாகத் தேர்ந்தெடுங்கள். கீழே படத்தின் பெயர், ஆண்டு, பாத்திரத்தின் பெயர் மூன்றையும் போடுங்கள். 'வில்லனாகத் தொடங்கி' என்ற அந்த வரியை எடுத்துவிட்டால் அதற்கு இடம் கிடைத்துவிடும்.

இப்படிக்கு,
பழைய தமிழ்ப் படங்களைத் திரையிட்டுப் பார்க்கும் வாசகர்கள் சிலர்,
அல்சூர், பெங்களூரு